காயமுற்ற காவலரும் மருத்துவமனை வாயிலும்

காயமுற்றவர் ஒருவருக்கும் அவரைக் காப்பாற்றவல்ல மருத்துவருக்கும் இடையே உள்ள வழியைச் சட்டம் எந்த அளவுக்குக் காக்க முடியும் என்ற கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதிய வேகத்தோடு எழுந்தது. பணியின்போது காயம்பட்ட காவலர் மருத்துவமனையை அடைவதற்கு இடையூறு செய்வோரைத் தண்டிக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டும் என்று அப்போது பலர் வலியுறுத்தினர். அக்கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆயினும் அதற்கு அடிப்படையாகச் சுட்டப்பட்ட நிகழ்ச்சியையும், காயமுற்றவரின் உயிர் எவ்வாறு போகிறது, எவ்வாறு மீட்கப்படுகிறது என்ற மருத்துவ உண்மையையும், அந்நாட்டு உச்சநீதிமன்றம் பேச்சுரிமை பற்றி வகுத்துள்ள வரம்புகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால், காவலரின் பெயரால் கேட்கப்படும் பாதுகாப்பு உண்மையில் மருத்துவமனை வாயிலுக்கு வரும் எல்லோருக்கும் உரியது என்பதும், அவ்வாறு எல்லோருக்கும் உரியதாக எழுதப்படும்போதுதான் அது காவலருக்கும் உறுதியாகக் கிடைக்கும் என்பதும் விளங்கும். இச்சொற்பொழிவு நிறுவ முயல்வது இதனையே.

முதலில் அந்த நிகழ்ச்சி. கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தைச் சேர்ந்த காம்ப்டன் நகரின் மெட்ரோ ரயில் நிலையத்தருகே, 2020 செப்டம்பர் 12 சனிக்கிழமை மாலை, நிறுத்தியிருந்த ரோந்து காரில் அமர்ந்திருந்த இரண்டு துணை ஷெரிஃப்கள் மீது, நடந்து வந்த ஒருவன் மிக அருகிலிருந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டு ஓடினான். ஷெரிஃப் என்பவர் பெரும்பாலான அமெரிக்க மாவட்டங்களில் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படும் காவல் தலைவர். துணை ஷெரிஃப்கள் அவருக்குக் கீழ் ரோந்து, கைது, சிறைக்காவல் முதலிய பணிகளைச் செய்யும் காவலர்கள். சுடப்பட்ட இருவரில் ஒருவர் 31 வயதுப் பெண். மற்றவர் 24 வயது இளைஞர். தாடையில் குண்டு பாய்ந்த நிலையிலும் அப்பெண் வானொலிக் கருவியில் உதவி கேட்டார். அத்துடன் நில்லாமல், தம் தோழரின் கையிலிருந்து பெருகிய இரத்தத்தை நிறுத்த அதன்மேல் இறுக்குப்பட்டையும் கட்டினார். இருவரும் அருகிலுள்ள லின்வுட் நகரின் செயின்ட் ஃப்ரான்சிஸ் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அறுவை சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தனர்.

அன்றிரவு அம்மருத்துவமனையின் வெளியே சிலர் கூடினர். அந்த இருவரும் சாகட்டும் என்று அவர்களுள் சிலர் கத்தினர். அவசர சிகிச்சைப் பிரிவின் நுழைவாயிலையும் வெளிவாயிலையும் மறிக்க வேண்டாம் என்றும், ஆம்புலன்ஸ்கள் உள்ளே வர முடியாவிட்டால் உயிர்கள் போகும் என்றும் ஷெரிஃப் துறை பொதுவெளியில் எச்சரித்தது. அங்கே செய்தி சேகரித்துக்கொண்டிருந்த வானொலிச் செய்தியாளர் ஒருவர் தரையில் வீழ்த்தப்பட்டுக் கைது செய்யப்பட்டதும், அவர்மீது வழக்குத் தொடர மாவட்ட வழக்குரைஞர் அலுவலகம் பின்னர் மறுத்ததும் அதே இரவின் வரலாற்றைச் சேர்ந்தவை.

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒன்று, பின்னர் நிகழ்ந்த வாதங்களில் பெரும்பாலும் கவனிக்கப்படவே இல்லை. கூச்சல் எழுந்தபோது காயமுற்ற இரு காவலர்களும் மருத்துவமனைக்கு உள்ளே அறுவை சிகிச்சையில் இருந்தனர். ஆகவே வாயில் மறிக்கப்பட்டிருந்தால் அதனால் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர் அடுத்து வரவிருந்த நோயாளியே. மாரடைப்பு கண்ட முதியவரோ, மகப்பேற்று வலியில் துடிக்கும் பெண்ணோ, வேறொரு தெருவில் சுடப்பட்ட சிறுவனோ ஆம்புலன்ஸில் கிடந்திருக்கக்கூடும். ஷெரிஃப் துறையின் எச்சரிக்கையும் பொதுவாக உயிர்களைப் பற்றியே பேசியது. காவலர்களின் மீது வீசப்பட்ட சொற்கள் மனத்தைப் புண்படுத்தும் கொடுஞ்சொற்கள் என்பதில் ஐயமில்லை. உயிருக்குப் போராடும் இருவரின் குடும்பத்தார் அவற்றைக் கேட்க நேர்வது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. எனினும் சொல் விளைக்கும் துன்பத்தையும் வழிமறிப்பு விளைக்கும் துன்பத்தையும் சட்டம் வெவ்வேறாகக் காண்கிறது என்பதால், இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே சட்டத்தில் வைக்க முற்படுவோர் இரண்டையும் இழக்கும் நிலைக்கு ஆளாகின்றனர்.

வழிமறிப்பைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. அம்மாநிலக் குற்றவியல் சட்டத்தொகுப்பின் 602.11ஆம் பிரிவு, மருத்துவ நிலையம், வழிபாட்டிடம், பள்ளி ஆகியவற்றுள் நுழைபவரையோ அவற்றிலிருந்து வெளியேறுபவரையோ உடலால் மறித்துத் தடுப்பதைச் சிறுகுற்றமாக முன்னரே அறிவித்துள்ளது. சிறுகுற்றம் என்பது அபராதமோ, உள்ளூர்ச் சிறையில் குறுகிய காலக் காவலோ விதிக்கப்படும் குற்றம். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைக்கு உரியது பெருங்குற்றம் எனப்படும். அதே தொகுப்பின் 148ஆம் பிரிவு, காவலரையும் அவசர மருத்துவப் பணியாளரையும் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. ஒலிப்பானும் சிவப்பு விளக்குமாக வரும் அவசர ஊர்திக்கு வழிவிடாதிருப்பது போக்குவரத்துச் சட்டத்தின்படி வேறொரு குற்றம். இத்தனையும் இருக்கப் புதுச்சட்டம் எதற்கு என்ற வினாவுக்கு, தண்டனை போதவில்லை என்பதும், மக்கள் நெஞ்சில் பதியும்படி ஓர் அறிவிப்பு வேண்டும் என்பதும் விடையாகக் கூறப்பட்டன. இரண்டாவது விடையை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. சமூகம் எதைப் பொறுத்துக்கொள்ளாது என்பதை உரக்கச் சொல்வதும் சட்டத்தின் பணிகளுள் ஒன்று. ஆனால் உரக்கச் சொல்லப்படுவது சரியான சொல்லாக இருக்க வேண்டும்.

அச்சொல் எதுவென்று அறிய, மருத்துவத்தை நோக்கித் திரும்புதல் தேவையாகிறது. கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை திரட்டிய கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குற்றச்செயலால் கொல்லப்பட்ட காவலர்கள் 46 பேர். அடுத்த ஆண்டில் அத்தொகை 73 ஆக உயர்ந்தது. தாக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்குப் பல பத்தாயிரங்களாக இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் மார்பையும் வயிற்றையும் காக்கும் குண்டுதுளைக்காத உள்ளுடை அணிபவர்கள். ஆகையால் கழுத்து, முகம், கை, கால் முதலிய கவசமற்ற உறுப்புகளில் படும் காயங்கள் இவர்களுக்குத் தனி முக்கியத்துவம் உடையவை. தொடையிலோ மேற்கையிலோ உள்ள பெருந்தமனி அறுபடுமானால், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் பீறிட்டு வெளியேறி, சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்நேரத்துக்குள் வருவது அரிது. எனவே முதல் மருத்துவர், அருகில் நிற்கும் மனிதரே.

இவ்வுண்மையைப் படைமருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தும், குடிமக்கள் மருத்துவத்தில் அது வேரூன்ற 21ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் முயற்சியால் கூடிய வல்லுநர் குழு 2013இல் ஹார்ட்ஃபோர்ட் உடன்பாடு எனப்படும் பரிந்துரையை வெளியிட்டது. அச்சுறுத்தலை அடக்குவதும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டியவை என்ற பழைய எண்ணத்தை அது கைவிட்டு, காவலரும் மீட்புப் பணியாளரும் இணைந்தே களத்தில் இறங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. இரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சியைப் பொதுமக்களுக்கே அளிக்கும் இயக்கத்தை வெள்ளை மாளிகை 2015 அக்டோபரில் தொடங்கி வைத்தது. டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப்பட்டை, உறுப்பைச் சுற்றிக் கட்டிச் சிறு கம்பால் முறுக்கி இரத்த ஓட்டத்தை அடைக்கும் எளிய கருவி; அது காவலரின் இடுப்புப் பட்டையில் இடம்பெற்றது இந்த மாற்றத்தின் பயனே. காம்ப்டனில் அப்பெண் காவலர் தாடை சிதைந்த நிலையிலும் தம் தோழருக்குச் செய்த உதவி, பயிற்சியும் மனத்திண்மையும் சேர்ந்தால் ஒரு மனிதர் எதுவரை செல்ல முடியும் என்பதைக் காட்டுகிறது. எந்தச் சட்டத்தின் முகவுரையிலும் அவருடைய செயலே முதலில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரத்தம் நின்றபின் தேவைப்படுவது அறுவை அரங்கு. அமெரிக்காவில் ட்ராமா மையம் என்று வழங்கும் பெருங்காயச் சிகிச்சை மையம் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை; அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், இரத்த வங்கி ஆகியவை இரவுபகல் ஆயத்தமாக இருப்பதற்கேற்ப அவை படிநிலைகளாகத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. பிலடெல்ஃபியா நகரக் காவல்துறை இவ்விடத்தில் ஒரு தனிவழியைப் பின்பற்றுகிறது. அங்கே குண்டடி பட்டவரை, அவர் யாராயினும், ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் ரோந்து காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு காவலர்களே ட்ராமா மையத்துக்கு விரைவது 1980களிலிருந்து நிலவும் வழக்கம். அந்நகரத் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, காவல் ஊர்தியில் வந்தோருக்கும் ஆம்புலன்ஸில் வந்தோருக்கும் இறப்பு விகிதத்தில், காயத்தின் கடுமையைக் கணக்கில் கொண்டபின், பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. ஆகவே சிகிச்சைக்கான வழி என்பது வாயிலில் தொடங்குவதில்லை. குண்டு பாய்ந்த இடத்திலேயே தொடங்குகிறது.

வாயிலுக்கு வந்த பிறகு என்ன நிகழ வேண்டும் என்பதை ஒரு மைய அரசுச் சட்டம் கூறுகிறது. பணமில்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் ஏற்க மறுத்து அரசு மருத்துவமனைகளுக்குத் துரத்திய கொடுமையைத் தடுக்க, 1986இல் அவசர மருத்துவச் சிகிச்சை மற்றும் பிரசவச் சட்டம் நிறைவேறியது. முதியோருக்கான அரசுக் காப்புறுதியான மெடிகேர் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு மருத்துவமனையும், தன் அவசரப் பிரிவுக்கு வருபவர் எவராயினும் அவரைப் பரிசோதித்து, உயிராபத்து நீங்கி நிலைபெறும்வரை சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டது என்பது அதன் சாரம். ‘எவராயினும்’ என்ற சொல்லில் சுட்டவனும் சுடப்பட்ட காவலரும் அடக்கம். போர்க்களத்தில் காயமுற்றவர் எப்பக்கத்தைச் சேர்ந்தவராயினும் பராமரிக்கப்பட வேண்டும் என்று 1864இல் ஜெனீவாவில் நாடுகள் செய்த உடன்பாட்டின் அறம், ஒரு காப்புறுதித் திட்டத்தின் நிபந்தனையாக வடிவெடுத்து வந்தது என்று இதனைக் கூறலாம்.

அச்சட்டமும் ஒரு சிறுவனின் சாவுக்குப் பின்தான் வாயிலைத் தாண்டி வெளியே நீண்டது. சிகாகோவில் 1998 மே மாதத்தில், சுடப்பட்ட 15 வயதுச் சிறுவன் ஒருவனை நண்பர்கள் ஒரு மருத்துவமனைக்குச் சில அடிகள் தொலைவுவரை தூக்கி வந்தனர்; கட்டடத்தை விட்டு வெளியே செல்லக் கூடாது என்ற விதியைக் காட்டி ஊழியர்கள் அவனிடம் வர மறுத்தனர்; இறுதியில் காவலர் ஒருவரே சக்கர நாற்காலியைப் பெற்று அவனை உள்ளே தள்ளிச் சென்றார்; சிறுவன் இறந்தான். மருத்துவமனையின் முதன்மைக் கட்டடத்திலிருந்து 250 கெஜத்துக்குள் உள்ள அதன் வளாகத்தில் வந்து விழுந்தவரும் அவசரப் பிரிவுக்கு வந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்ற மைய அரசு விதி, ஈராண்டுகளுக்குள் உருவாயிற்று. காயமுற்ற காவலருக்கான சட்டத்தைப் பற்றிப் பேசும்போது காயமுற்ற சிறுவனைத் தள்ளிச் சென்ற அந்தக் காவலரையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

இனிப் பேச்சுரிமை. அரசமைப்பின் முதல் திருத்தம், பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற அரசுக்குத் தடை விதிக்கிறது. ஒருவர் சாகட்டும் என்று விரும்புவதும் அதனை வாய்விட்டுச் சொல்வதும் இத்திருத்தத்தின் காப்புக்குள் அடங்குமா என்ற கேள்விக்கு உச்சநீதிமன்றம் 1987இலேயே விடை கூறியிருக்கிறது. குடியரசுத் தலைவர் ரீகன் 1981இல் சுடப்பட்ட செய்தியைக் கேட்ட டெக்சஸ் காவல் அலுவலக எழுத்தர் ஒருவர், மறுமுறை சுடுபவர் வெற்றி பெறட்டும் என்ற பொருள்படச் சக ஊழியரிடம் பேசியதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ராங்கின் எதிர் மக்ஃபர்சன் எனப்படும் அவ்வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஈராக்கில் இறந்த படைவீரரின் இறுதிச் சடங்கருகே ஒரு சிறு மதக்குழு வெறுப்புப் பதாகைகளை ஏந்தி நின்ற வழக்கிலும், 2011இல் எட்டு நீதிபதிகள் அக்குழுவின் பக்கம் நின்றனர். அப்பதாகைகளை ஏந்தியவர்கள் காவலர் வகுத்த எல்லைக்குள், சடங்கு நடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி தள்ளி நின்றனர் என்பது அத்தீர்ப்பில் பெரும் எடை பெற்றது. துயருற்ற தந்தையின் வலியை நீதிபதிகள் மறுக்கவில்லை. அவ்வலியைக் காரணமாகக் கொண்டு பேச்சைத் தண்டிக்க முடியாது என்றே கூறினர்.

இவற்றின் ஒளியில், லின்வுட் மருத்துவமனை வாயிலில் எழுந்த சாபச் சொற்களைத் தண்டிக்கும் சட்டம் எதுவாயினும் அது நீதிமன்றத்தில் நிலைக்காது. வழியை மறித்தலோ வேறு. மருத்துவ நிலையங்களின் வாயிலைப் பற்றிய சட்டம், அந்நாட்டில் கருக்கலைப்பு நிலையங்களின் முன் நடந்த நெடுநாள் போராட்டங்களால் உருவானது. ஃப்ளோரிடாவில் மருத்துவர் டேவிட் கன் 1993இல் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, 1994இல் மைய அரசு இயற்றிய வாயில் அணுகுரிமைச் சட்டம், வன்முறையாலோ மிரட்டலாலோ உடல்வழித் தடையாலோ இனப்பெருக்க மருத்துவ நிலையங்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் செல்வோரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. பொது மருத்துவமனையின் அவசர வாயில் அதில் இடம்பெறவில்லை என்பது இன்று நோக்குகையில் வியப்பளிக்கும் ஒரு விடுபாடு. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம், ஃப்ளோரிடா நிலையம் ஒன்றின் நுழைவாயிலையும் ஊர்திப் பாதையையும் சுற்றி 36 அடி வெற்றிடம் வகுத்த ஆணையை ஏற்றது. அறுவையின்போதும் நோயாளி தேறும்போதும் பேரொலி எழுப்பலாகாது என்ற கட்டளையையும் ஏற்றது. ஒலியைப் பற்றிய இப்பகுதி சிறப்பாக நினைவில் கொள்ளத்தக்கது. நோயுற்ற உடலுக்கு அமைதி தேவை என்பது கருத்து வேறுபாட்டுக்கு அப்பாற்பட்ட உண்மையாகையால், எக்கருத்தைக் கூவினாலும் ஒரே அளவுக்குமேல் கூவலாகாது என்று விதிப்பது பேச்சின் கருத்தைச் சாராத ஒழுங்கு.

மாசசூசெட்ஸ் மாநிலம் நிலைய வாயில்களைச் சுற்றி 35 அடிக்குள் பொதுமக்கள் நிற்கவே கூடாது என்று விதித்த சட்டம், 2014இல் ஒன்பது நீதிபதிகளாலும் ஒருமனதாகச் செல்லாததாக்கப்பட்டது. நடைபாதையில் மெல்லப் பேசி மனத்தை மாற்ற முயல்பவரையும் கூட்டத்தோடு வழிமறிப்பவரையும் அச்சட்டம் ஒரே கயிற்றால் கட்டியது என்பதே குறை. வழிமறிப்பை மட்டும் குறிவைத்து எழுதுவது அரசுக்கு எளிதாகவே இருந்தது என்று நீதிபதிகள் சுட்டினர். கொலராடோ மாநிலமோ 1993இலேயே வேறு வழியில் சென்றிருந்தது. அங்கே எந்த மருத்துவ நிலையத்தின் வாயிலையும் அறிந்தே மறிப்பது குற்றம். அதற்கான சட்டம் நிலையத்தின் வகையும் பாராது, நோயாளியின் தொழிலும் பாராது, மறிப்பவரின் கொள்கையும் பாராது. வாயிலிலிருந்து 100 அடிக்குள், ஒருவரின் இசைவின்றி எட்டடிக்கு நெருங்கிப் பேசலாகாது என்ற அச்சட்டத்தின் மற்றொரு பகுதி 2000ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றபோது, எல்லா மருத்துவ நிலையங்களுக்கும் எல்லாப் பேச்சாளருக்கும் அது பொதுவாயிருந்தமை அதற்கு அரணாய் அமைந்தது. அவ்வேற்பைப் பற்றிச் சட்டவறிஞரிடையே இன்றளவும் வாதம் உண்டு. வாயில்மறிப்பைத் தடுக்கும் பகுதியைப் பற்றி அத்தகைய வாதம் எழவில்லை.

காவலரைத் தனி வகுப்பாகக் கொண்டு எழுதப்பட்ட சட்டங்களும் உள்ளன. காவலர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றங்களின் பட்டியலில் சேர்த்த முதல் மாநிலம் லூசியானா, ஆண்டு 2016. அவ்வாண்டு ஜூலையில் டாலஸ் நகரில் ஐந்து காவலர்கள் ஒரே இரவில் கொல்லப்பட்டதும் அவ்வகைக் கோரிக்கைகள் பெருகின. காவலரைக் குறிவைத்துத் தாக்குவதை மைய அரசுக் குற்றமாக்கும் சட்டமுன்வடிவு ஒன்று 2018 மே மாதத்தில் பிரதிநிதிகள் அவையில் 382 வாக்குகள் ஆதரவாகவும் 35 எதிராகவும் பதிவாகி நிறைவேறியும், செனட்டில் சட்டமாகாமல் நின்றது. தாக்குதலுக்குக் கூடுதல் தண்டனை விதிப்பதில் காவலரின் தொழிலைக் கருதுவதற்கு நியாயம் காட்ட முடியும், இழப்பீட்டிலும் அவ்வாறே. பணியில் இறக்கும் காவலரின் குடும்பத்துக்கு மைய அரசு உதவித்தொகை வழங்கும் சட்டம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலிபோர்னியாவில் பணியால் காயமுற்ற காவலர் ஓராண்டு வரை முழு ஊதியத்தோடு விடுப்புப் பெறுகிறார். ஆபத்தை வலிந்து ஏற்பவருக்குச் சமூகம் செலுத்தும் கடன் இது. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் தொழிலுக்கு இடமில்லை. அங்கே முந்துரிமையை முடிவு செய்வது காயத்தின் கடுமை ஒன்றுதான். சுடப்பட்ட காவலர் செல்லும் ஆம்புலன்ஸை மறிப்பவனுக்குப் பெருந்தண்டனை, சுடப்பட்ட மாணவன் செல்லும் ஆம்புலன்ஸை மறிப்பவனுக்குச் சிறுதண்டனை என்று எழுதும் சட்டம், உள்ளே யார் இருக்கிறார் என்று மறிப்பவன் அறிந்திருந்தானா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அரசே மெய்ப்பிக்க வேண்டிய சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. அதனால் காவலருக்கான காப்பே தளர்கிறது.

இதன் மறுபக்கமும் அதே 2020இல் வெளிப்பட்டது. சியாட்டில் நகரில் காவலர் விலகிச் சென்றபின் போராட்டக்காரர்கள் கைப்பற்றியிருந்த தெருக்களில், ஜூன் 20 அதிகாலையில் 19 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டார். காவலர் சென்று இடத்தைப் பாதுகாப்பானதாக்கும்வரை மருத்துவப் பணியாளர்கள் நுழைவதில்லை என்ற நடைமுறையின்படி, தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ் சற்றுத் தொலைவில் காத்து நின்றது. கூட்டம் தங்களை உள்ளே விடவில்லை என்றது காவல்துறை. தன்னார்வலர்களே அவரை ஓர் ஊர்தியில் ஏற்றி ஹார்பர்வியூ மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், அவர் இறந்தார். அதற்கு முந்தைய மாதம் 25ஆம் நாள் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தை ஒரு காவலர் முழங்காலால் அழுத்தியிருந்தபோது, பணிநேரத்துக்கு வெளியே அவ்வழி வந்த தீயணைப்பு வீராங்கனை ஒருவர் தாம் உதவ வருவதாகக் கெஞ்சியும் காவலர்கள் அவரை நெருங்கவிடவில்லை. மூச்சிழந்தவருக்கு மருத்துவ உதவி அளிக்கத் தவறியமைக்காக அங்கிருந்த மற்ற மூன்று காவலர்களும் 2022 பிப்ரவரியில் மைய அரசு நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். தன் காவலில் உள்ளவருக்கு மருத்துவ உதவி பெற்றுத் தருவது காவலரின் கடமை என்று நியூயார்க் மாநிலம் 2020 ஜூனிலேயே சட்டம் செய்திருந்தது. மறிப்பவர் தெருவில் கூடியவராயினும் சீருடை அணிந்தவராயினும் மறிக்கப்படுவது ஒரே வழிதான்; இவ்விரண்டையும் ஒரே சட்டத்தின் இரு விதிகளாக எழுதத் துணியும் சட்டமன்றம், காவலரின் நன்மதிப்பைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.

சட்டத்தின் சொற்களைவிடப் பெரிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. காம்ப்டனில் சுடப்பட்ட இருவரும் ஏன் லின்வுட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்? சுற்றுவட்டாரத்தில் அதைவிட அருகில் வேறு ட்ராமா மையம் இல்லை என்பதே காரணம். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் வெடித்து 34 உயிர்களைக் கொண்ட கலவரத்தை ஆராய்ந்த ஆணையம், அப்பகுதி மக்களுக்கு மருத்துவமனை இல்லாமையைப் பெருங்குறையாகச் சுட்டியதன் பயனாக, மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான அரசு மருத்துவமனை 1972இல் அங்கே திறக்கப்பட்டது. குண்டடி பட்டோருக்குச் சிகிச்சை அளிப்பதில் அது பல்லாண்டு பெயர் பெற்றிருந்தது. படைமருத்துவர்களும் பயிற்சிக்காக அங்கே வந்தனர். நிர்வாகச் சீர்கேடுகள் முற்றியதால் அதன் ட்ராமா பிரிவை மூட 2004இல் முடிவு செய்யப்பட்டது. 2007 மே மாதத்தில் பெண் ஒருவர் அதன் அவசரப் பிரிவின் காத்திருப்போர் கூடத் தரையில் முக்கால் மணி நேரம் வலியால் புரண்டு, கவனிப்பாரின்றி இறக்கும் நிலையை எட்டிய செய்தி நாடெங்கும் அதிர்ச்சி அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மருத்துவமனை மூடப்பட்டது. 2015இல் 131 படுக்கைகளோடு புதிய மருத்துவமனை எழுந்தபோதும் ட்ராமா மையம் அங்கே மீளவில்லை. குண்டடி பட்டோரின் பெருஞ்சுமை இவ்வாறு லின்வுட்டின் மீது இறங்கியது. அம்மருத்துவமனையை நடத்திய நிறுவனமோ 2018இல் திவால் நிலைக்குச் சென்று, காம்ப்டன் நிகழ்ச்சிக்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், 2020 ஆகஸ்டில், அது வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்தக் கைமாற்றம் தடைபட்டு அக்கதவும் அடைபட்டிருந்தால், அந்த இரு காவலர்களும் சென்றிருக்க வேண்டிய தூரத்தை எந்தத் தண்டனைச் சட்டமும் குறைத்திருக்காது.

கதவு திறந்திருந்ததற்கும் ஒரு சட்டம்தான் காரணம். ஆனால் அது குற்றவியல் சட்டமன்று. மாவட்டத்தின் ட்ராமா வலையமைப்பு பணமின்றிச் சரியும் நிலையில் இருந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட வாக்காளர்கள் 2002 நவம்பரில், கட்டடப் பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் மூன்று சென்ட் வீதம் ஆண்டுதோறும் வரி செலுத்தித் தங்கள் அவசர சிகிச்சை மையங்களைக் காக்க மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் ஒப்பினர். அவ்வரியின் ஒரு பகுதி, லின்வுட் போன்ற அரசு சாரா ட்ராமா மையங்களுக்கும் செல்கிறது. காயமுற்ற காவலரின் பெயரால் புதுச்சட்டம் கேட்போர், கொலராடோவைப் போல எல்லா நோயாளிக்கும் பொதுவான வாயில்மறிப்புத் தடை ஒன்றோடு, ஒவ்வொரு ரோந்து காரிலும் இறுக்குப்பட்டையும், ஆபத்து அடங்குவதற்கு முன்பே காவலரின் காப்போடு உள்ளே நுழையும் மீட்புக் குழுக்களும், தென் லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் ஒரு ட்ராமா மையமும் அமைவதற்கான நிதியை அதே சட்டமுன்வடிவில் எழுதித் தரும்படி கேட்கலாம்.